அடுக்கு வில்லுக்கு வளைவு எடுத்தல்: கையில் இருப்பது ஒன்றரை மில்லிமீற்றர்தான்

மூங்கில் முதுகும் மர வயிறும் வைத்து வில் ஒட்டுகிறவர்களில் பலர், ஒட்டு வேலை முடியும்வரை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறார்கள். கெடுப்பது அதற்குப் பிறகு. வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளையவில்லை என்று கண்டதும் வயிற்றுப் பக்கத்தைச் சீவத் தொடங்குவார்கள். இந்தக் கை இளகிவிட்டது என்று அந்தக் கையைச் சீவுவார்கள், பிறகு அது இளகிவிட்டது என்று இதைச் சீவுவார்கள். நாணை முழுவதும் இழுக்க 45 இறாத்தல் விசை வேண்டும் என்று தொடங்கிய வில் 25 இறாத்தலில் வந்து நிற்கும். இல்லாவிட்டால் வயிற்றுப் பலகை தேய்ந்து, ஒட்டுக்கோடு வெளியே தெரியும். அதற்குப் பிறகு அந்த வில் கொழுக்கொம்புக்குத்தான் உதவும்.

ஒற்றை மரத்தில் வில் செய்கிறவருக்கு எடுக்க நிறைய மரம் இருக்கிறது. அடுக்கு வில்லில் அப்படி இல்லை. இங்கே டில்லரிங் என்கிற வளைவு எடுக்கும் வேலையில், அதாவது இரண்டு கையும் ஒத்து வளையும்படி மரத்தை எடுக்கிற வேலையில், முக்கால்வாசி ஒட்டுவதற்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவு வில்லை வைத்துத்தான்: மொத்த நீளம் 68 அங்குலம், 28 அங்குல இழுவையில் 40 இறாத்தல், நடுவில் வளையாத பிடி.

சொற்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் கைகள். பிடிக்கட்டையின் தடிப்பு கையோடு கரைந்து முடிகிற இடத்தைச் சரிவு என்கிறேன். நாண் மாட்டுகிற வெட்டு காடி. நாணை அவிழ்த்த பிறகும் வில் நிமிராமல் வைத்துக்கொள்கிற வளைவு கூன்.

மரத்தின் விறைப்பு அகலத்தோடு நேராகவும், தடிப்போடு மும்மடியாகவும் மாறும். அகலத்தில் பத்து சதவீதம் குறைத்தால் விறைப்பு பத்து சதவீதம் குறையும். தடிப்பில் பத்து சதவீதம் குறைத்தால் 27 சதவீதம் போய்விடும். 55 இறாத்தல் வில் 40 ஆகிவிடும். கை நடுவில் 12 மி.மீ. தடிப்பு இருக்கிற இடத்தில் 0.3 மி.மீ. எடுத்தால், அந்த இடத்தில் ஏழு சதவீத விறைப்பு போகும். 0.3 மி.மீ. என்பது கூரான சீவுளியில் இரண்டு மூன்று தள்ளு. வளைவு எடுக்கிற கட்டத்தில் சீவுளியைத் தொடவே வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

மரமும் அளவும்

முதுகுக்கு மூங்கில்தான். இழுவிசைக்கு அதைவிட நல்லது கையெட்டும் விலையில் இல்லை. யாழ்ப்பாணத்தில் மூங்கில் குறைவு. தெற்கிலிருந்து வருகிற மஞ்சள் மூங்கிலில் அடிப்பக்கத்துத் தடித்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு முதுகு தட்டையாக வரும். தோலை எக்காரணம் கொண்டும் சீவக்கூடாது, கணுவை மட்டமாக அராவவும் கூடாது. தோலுக்கு அடுத்துள்ள நார்தான் முழுப் பாரத்தையும் தாங்குவது, கணுவில் அதை வெட்டினால் அங்கேதான் வெடிக்கும். உட்பக்கத்தைத் தட்டையாக்கி, நடுக்கோட்டில் 3 மி.மீ., ஓரத்தில் ஒன்றரை மி.மீ. வரும்வரை மெல்லிதாக்குங்கள். மூங்கில் தடித்தால் பலம் கூடும் என்று விட்டுவைப்பவர்கள் வயிற்றைக் கொல்கிறார்கள். முதுகு நீள மறுக்கும்போது, அந்தச் சுமை முழுவதும் வயிற்று மரத்தை நெரிக்கும்.

வயிற்றுக்கு அடர்ந்த மரம் வேண்டும். முதிரை நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அராவ வேண்டாம். அடுத்தது பனை. பப்புவா நியூகினியில் கரும்பனை வில்கள் பேர் போனவை. நம் பனையிலும் வெளிவைரம் மட்டும் உதவும், உள்ளே இருக்கிற சோற்றி வில்லுக்கு ஆகாது. பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பதால் மட்டும் அல்ல, நன்றாகக் காய்ந்திருப்பதற்காகவும் பழைய வீட்டுக் கூரையில் இருந்து கழற்றிய சலாகைதான் நல்லது. பல பத்தாண்டு ஓட்டுக்கூரையின் கீழ் காய்ந்த மரம் அது. கறுப்பு நார் நெருக்கமாக இருக்கிற துண்டைப் பார்த்து எடுங்கள். ஆணி ஓட்டை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: பனஞ்சலாகையைச் சீவ என்று கேட்டால் ஓடாவிமார் தங்கள் சீவுளியைத் தர மாட்டார்கள். வாய் மொட்டையாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையில் வைத்து ஒட்டுகிற நடுப்பலகைக்குத் தேக்கோ பலாவோ போதும். நடுவில் இழுவையும் இல்லை, நெரிவும் இல்லை, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கிற விசைதான் உண்டு. பாரம் குறைந்த மரமாக இருந்தால் நல்லது.

இனி அளவு. பிடி 4 அங்குலம், இரண்டு பக்கமும் சரிவு 2 அங்குலம். மிச்சம் கைக்கு 30 அங்குலம். அகலம் சரிவிலிருந்து கையின் நடுவரை 35 மி.மீ., அங்கிருந்து நுனியில் 12 மி.மீ. ஆகும்படி நேர்கோட்டில் ஒடுங்கட்டும். தடிப்பு சரிவு முடியும் இடத்தில் 15 மி.மீ.: மூங்கில் 3, நடுப்பலகை நாலரை, வயிறு ஏழரை. நுனியில் 10 மி.மீ.: மூங்கில் இரண்டரை, நடுப்பலகை 3, வயிறு நாலரை. இப்படி ஒட்டினால் வில் ஏறத்தாழ 55 இறாத்தலுக்கு வரும். அதை 40க்குக் கொண்டுவரச் சரிவில் ஒன்றரை மில்லிமீற்றரும் நுனியில் ஒரு மில்லிமீற்றரும் எடுத்தால் போதும். உங்களிடம் இருக்கிற சீவல் அவ்வளவுதான். மரத்துக்கு மரம் இது கொஞ்சம் மாறும். ஆனால் பலகைகளைச் சாய்வாகச் சீவாமல் ஒரே தடிப்பில் ஒட்டிவிட்டு, சாய்வு முழுவதையும் பிறகு வயிற்றில் எடுக்கலாம் என்று நினைத்தால் நுனியில் வயிற்றுப் பலகை ஒன்றரை மில்லிமீற்றராகத் தேய்ந்துவிடும்.

சாய்வைச் சரியாகப் பெற, நேரான பலகை ஒன்றில் 60ஆம் இலக்க அரத்தாளை ஒட்டி, அதன்மேல் கீற்றைத் தேய்ப்பதே கையால் செய்யக்கூடிய சிறந்த வழி. இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை வேர்ணியரால் அளந்து, அளவை மரத்தின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு கைக்கும் ஒத்த இடங்களில் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இரண்டு கைக்கும் மரம் ஒரே பலகையில் இருந்து வரட்டும். மூங்கிலில் கணு பிடியிலிருந்து ஒரு பக்கம் எட்டு அங்குலத்தில் இருந்தால் மற்றப் பக்கமும் அதற்குக் கிட்ட வருகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். கணு விழுந்த இடம் எப்போதும் கொஞ்சம் விறைப்பாக நிற்கும்.

ஈரம்

யூரியூப்பில் வில் செய்து காட்டுகிறவர்கள் பெரும்பாலும் வறண்ட குளிர் நாட்டுக்காரர். "மரத்தை வீட்டுக்குள்ளே வைத்திருந்தால் போதும்" என்பார்கள். கடல் சூழ்ந்த குடாநாட்டில் அது சரிவராது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம், வெப்பம் 30 பாகை என்றால், எவ்வளவு நாள் வைத்தாலும் மரத்துக்குள் 14 சதவீதம் அளவில் ஈரம் நிற்கும். வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10. ஈர மரம் உடையாது, ஆனால் வயிறு நசிந்து கூன் விழும், விழுந்த கூன் திரும்பாது.

இதற்கு ஒரு பெட்டி போதும். பலகையாலோ, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய கடுதாசிப் பெட்டியாலோ ஆறடி நீளத்தில் செய்து, அடியில் 40 வாற்று இழை பல்பு ஒன்று, மேலே இரண்டு சிறிய ஓட்டை. எல்.ஈ.டி. பல்பு சூடு தராது, அது வேண்டாம். மரம் பல்பில் முட்டாமல் தூக்கி வைக்க வேண்டும். உள்ளே 38 பாகைக்குக் கிட்ட நின்றால், வெளியிலிருந்து வருகிற அதே காற்றின் ஈரப்பதன் 50க்குக் கீழே போகும், மரம் எட்டரை சதவீதத்தை நோக்கி இறங்கும். கீற்றுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, திகதியோடு எழுதி வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து நிறை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசுகிற மாதங்களில் இந்த வேலை லேசு. மாரியில் வளைவு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அவசரம் என்றால் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வில்லைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள்.

ஒட்டுதல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாக இறுகும் எப்பொக்சி, அதாவது சாதாரண அரல்டைட். ஐந்து நிமிடத்தில் இறுகுவது கூடாது. தேக்கிலும் முதிரையிலும் எண்ணெய்ப் பசை உண்டு, அசற்றோனால் துடைத்து உடனே ஒட்டுங்கள். ஒட்டும் முகங்களை 60ஆம் இலக்கத்தால் சொரசொரப்பாக்க வேண்டும். இரண்டு ஒட்டுக்கோட்டுக்கும் சேர்த்து 80 கிராம் கலந்தால் போதும், எல்லா முகத்திலும் பூசுங்கள். பகல் வெக்கையில் பசை சீக்கிரம் தடிக்கும் என்பதால் விடியற்காலையில் செய்வது நல்லது. அச்சுப்பலகை நுனிகளை முதுகுப் பக்கமாக இரண்டு அங்குலம் எதிர்வளைவில் பிடிக்கட்டும். பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குல அகல நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றிக் கட்டினால் எல்லா இடமும் ஒரே அமுக்கம் கிடைக்கும். ஜி கிளாம்பை முறுக்கி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டு வறண்டுபோகும். ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

வளைப்புக் கம்பம்

வில்லை மாட்டி இழுத்து வளைவைப் பார்க்க ஒரு கம்பம் வேண்டும்: நாலுக்கு இரண்டு அங்குல மரம், ஆறரை அடி, சுவரோடு நிமிர்த்தி ஆணி அடித்தது. உச்சியில் வில்லின் பிடி உட்காரும் பள்ளம், அதற்கு ரியூப் றப்பர் மெத்தை. அடியில் ஒரு கிணற்றுக் கப்பி. நாணில் கொளுக்கி, கொளுக்கியில் விற்றராசு, தராசில் கயிறு, கயிறு கப்பிக்குள்ளால் வந்து உங்கள் கையில். பயணப்பெட்டி நிறுக்கிற டிஜிற்றல் தராசும் உதவும். கிலோவை 2.2 ஆல் பெருக்கினால் இறாத்தல், 40 இறாத்தல் என்பது 18 கிலோ. வில்லின் முதுகிலிருந்து கீழ்நோக்கி அங்குலக் கோடுகளைக் கம்பத்தில் இடுங்கள். பின்சுவரில் கரியால் நாலங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கோடு.

கயிறு நீளமாக இருப்பதன் பயன் நீங்கள் மூன்று நான்கு மீற்றர் தள்ளி நின்று பார்க்கலாம் என்பதே. கிட்ட நின்றால் வளைவு தெரியாது, வில் முறிந்தால் சிராய் முகத்துக்கு வரும். கொளுக்கியை நாணின் சரிநடுவில் மாட்டாதீர்கள். எய்யும்போது விரல்கள் எங்கே பிடிக்குமோ அங்கே மாட்டுங்கள், வில்லும் உள்ளங்கை தாங்குகிற இடத்தில் கம்பத்தில் இருக்கட்டும். நடுவில் மாட்டி அழகாகச் சமன் செய்த வில் கையில் எடுத்ததும் சமன் இல்லாமல் போவது இதனால்தான்.

பார்க்க வேண்டிய வடிவம் அகலத்தைப் பொறுத்தது. பிடியிலிருந்து நுனிவரை நேராக ஒடுங்குகிற கை வட்டத்தின் துண்டு போல வளைய வேண்டும். நம்முடையது பாதிவரை ஒரே அகலம். இதற்குப் பிடியருகில் குறைவாகவும் வெளிப்பக்கம் போகப்போகக் கூடுதலாகவும் வளைகிற நீள்வட்டம்தான் சரி. தடிப்பான இடம் அதே அளவு வளைந்தால் அங்கே மரத்தின் மேற்பரப்புக் கூடுதலாக நெரியும், மெல்லிய இடம் கூடுதலாக வளைந்தாலும் தாங்கும் என்பதே காரணம். கடைசி ஐந்தாறு அங்குலம் மட்டும் விறைப்பாக இருக்கலாம். சரிவுக்குள் ஒருபோதும் வளையக்கூடாது. அங்கே வளைந்தால் பிடிக்கட்டை ஒட்டு விட்டுக் கழலும்.

வேலை

முதலில் நாண் இல்லாமல். ஒரு நுனியைச் சாக்கின்மேல் ஊன்றி, பிடியைத் தள்ளி வளைத்துப் பாருங்கள். மற்ற நுனியிலும் அப்படியே. எந்தக் கை விறைப்பு என்று உடம்புக்கே தெரியும். இந்தக் கட்டத்தில் மட்டும் அரத்தை எடுக்கலாம், அதுவும் ஓரங்களில். மூங்கிலின் ஓர விளிம்பை முதல் வேலையாக உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில்தான் சிராய் கிளம்பும்.

பிறகு நீள நாண். காடியில் மாட்டினால் வில்லை வளைக்காமல் சற்றுத் தளர்ந்து நிற்கிற நீளம் போதும், அதற்குமேல் தொங்கினால் வளைவும் பொய் சொல்லும், தராசும் பொய் சொல்லும். குருநகர்ப் பக்கம் வலைச் சாமான் விற்கிற கடைகளில் பொலியெஸ்டர் முறுக்கு நூல் கேளுங்கள். நைலோன் இழுபடும், எத்தனை அங்குலம் இழுத்தோம் என்பதே தெரியாமல் போகும்.

இங்கிருந்து இரண்டு விதிகள் கடைசிவரை செல்லும். தராசு 40 இறாத்தலைக் காட்டிய இடத்துக்கு அப்பால், எவ்வளவு குறைந்த இழுவையாக இருந்தாலும், இழுக்கக்கூடாது. பிழை ஒன்று கண்ணில் பட்ட இடத்துக்கு அப்பாலும், அதைத் திருத்தும்வரை இழுக்கக்கூடாது. இளகிய இடம் ஒன்று இருக்கும்போது மேலே இழுத்தால், முழு வளைவும் அந்த ஒரு சாணுக்குள் போய்விடும். மரம் அங்கே நசிந்துவிட்டால் பிறகு மற்ற இடங்களை எடுத்துச் சமன் செய்தாலும் நசிந்தது நசிந்ததுதான்.

எங்கே விறைப்பு என்று கண்டுபிடிக்கக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆறங்குல நீளமான, ஒரு முகம் நேரான மரத்துண்டு எடுத்து, அதன் நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலைச் சொருகுங்கள். வில்லைக் கொஞ்சம் வளைத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, துண்டை வயிற்றின்மேல் வைத்து, கூடுதலாக வளைந்திருக்கிற இடத்தில் பென்சில் நுனி மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி சரிசெய்யுங்கள். பிறகு சரிவிலிருந்து நுனிவரை இழுத்தால், வளையாத இடங்களில் எல்லாம் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில்தான் சுரண்ட வேண்டும். நீள்வட்டம் வேண்டும் என்பதால் பிடியருகில் விழுகிற கோட்டை முழுவதும் அழிக்க நினைக்க வேண்டாம், கையின் நடுவிலிருந்து வெளியே விழுகிற கோடுகளை நம்புங்கள். கைத்தொலைபேசியை ஒரு கட்டையில் அசையாமல் வைத்துப் படம் எடுத்து, இடவலம் மாற்றி இரண்டு கையையும் ஒப்பிடுவதும் நல்ல வழி. வில்லும் கமராவும் இடம் மாறக்கூடாது.

சுரண்ட, விளிம்பு தீட்டிய உருக்குத் தகடு. மரம் அறுக்கிற பழைய வாளின் அலகை வெட்டினால் அருமையான தகடு கிடைக்கும். முதிரையில் நார் பின்னிக் கிடப்பதால் சீவுளி பிய்க்கும், தகடு பிய்க்காது. பனையில் தகடும் சில இடத்தில் நாரைக் கிளப்பும், அங்கே 80ஆம் இலக்க அரத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். சுரண்டும்போது பென்சிலால் அந்த இடம் முழுவதும் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் போகும்வரை சுரண்டுவது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குப் பிறகு வில்லைக் கம்பத்தில் ஏற்றி, அதுவரை இழுத்த தூரத்துக்குள் இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். எடுத்ததன் பலன் உடனே தெரியாது, மரம் அதை மெல்லத்தான் காட்டும். இந்த இருபது இழுப்பைத் தவிர்க்கிறவர்தான் ஒன்றும் மாறவில்லை என்று இன்னொரு சுற்றுச் சுரண்டி, நாளைக்கு மடிப்பு விழுந்த வில்லோடு நிற்பார்.

திருத்தம் சிறிதென்றால் வயிற்றைத் தொடாமல் ஓரத்தில் எடுங்கள். அகலத்தில் ஒரு மில்லிமீற்றர் போனால் விறைப்பில் மூன்று சதவீதம்தான் போகும். பிழை விட்டாலும் மீளலாம், வயிற்றுப் பலகையும் மிச்சம்.

நீள நாணில் நுனிகள் ஆறு எட்டு அங்குலம் இறங்கி, இரண்டு கையும் ஒத்துவந்தால், அங்கேயே நிற்காமல் குட்டை நாணுக்கு மாறுங்கள். முதலில் மூன்று அங்குல நாணேற்றம், அதாவது நாண் மாட்டிய நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. இப்போதுதான் நாண் பிடியின் நடுவால் போகிறதா என்று பார்க்க முடியும். பக்கவாட்டுப் பிழைகளை இந்த உயரத்திலேயே முடித்துவிட்டு ஆறு அங்குலத்துக்கு ஏற்றுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு அங்குலமாக இழுவையைக் கூட்டுவது. வில்லை இழுத்த நிலையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். இழு, பார், விடு.

இரண்டு விரல் அம்புக்குக் கீழே, ஒன்று மேலே என்று பிடித்து எய்பவருக்குக் கீழ்க்கை கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். நாணேற்றிய நிலையில் மேல் சரிவிலிருந்து நாணுக்கு உள்ள தூரம், கீழ்ச் சரிவில் உள்ளதைவிட 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருந்தால் சரி. மூன்று விரலும் கீழே என்றால் வித்தியாசம் வேண்டியதில்லை.

இனி நான் முக்கியமாக நினைக்கிற ஒரு சோதனை. ஆறு அங்குல நாணேற்றத்தில், 14 அங்குலம் இழுத்துத் தராசு காட்டுவதை எழுதுங்கள். பிறகு அன்றைய அதிக இழுவைக்கு, 22 என்றால் 22க்கு, நாலைந்து தடவை இழுங்கள். திரும்பவும் 14க்கு வந்து பாருங்கள். மரம் ஒன்றும் எடுக்காமலே அந்த எண் ஒரு இறாத்தல் குறைந்திருந்தால் வயிற்றில் எங்கோ நசிகிறது. கூன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னமே இது சொல்லிவிடும். காரணம் ஒன்றில் ஈரம், அல்லது ஒரு இடம் கூடுதலாக வளைகிறது, அல்லது இந்த அகலத்துக்கு 40 இறாத்தல் கூடிப்போனது. முதல் இரண்டும் இல்லையென்றால் 35க்கு இறங்கிவிடுங்கள். 35 இறாத்தலில் உயிரோடு இருக்கிற வில், 40இல் செத்த வில்லைவிட வேகமாக எய்யும்.

20 அங்குலத்தில் 26 இறாத்தல் அளவில் இருந்தால் 28இல் 40ஐ ஒட்டி வரும். கடைசி அங்குலங்களில் அங்குலத்துக்கு இரண்டு இறாத்தல் ஏறும். 26இல் 38 காட்டுகிறது என்றால் சுரண்டலை நிறுத்துங்கள். 28இல் அது 42 ஆகும். மெருகு அரத்தாளும் முதல் நூறு அம்பும் அந்த மேலதிக இரண்டையும் எடுத்துவிடும்.

வருகிற கோளாறுகள்

நாண் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுவதுதான் அதிகம் வருவது. முதலில் காடிகள் இரண்டு பக்கமும் ஒரே ஆழமா, நுனி நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரி என்றால் கையின் ஒரு ஓரம் மற்றதைவிடத் தடிப்பு. கை எப்போதும் மெலிந்த ஓரத்தின் பக்கமாகச் சாயும். ஆகவே நாண் வலப்பக்கம் விழுந்தால் வயிற்றின் இடப்பக்கத்தில் சுரண்ட வேண்டும், இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கத்தில். பலர் இதைத் தலைகீழாகச் செய்து முறுக்கைக் கூட்டிக்கொள்கிறார்கள். சந்தேகம் என்றால் வேர்ணியரால் இரண்டு ஓரத்தையும் அளந்து பாருங்கள். ஒற்றை மர வில்லில் முறுக்கைச் சூடு காட்டித் திருப்புவார்கள். எப்பொக்சி ஒட்டிய வில்லில் அதை நினைக்கவே கூடாது, 60 பாகை தாண்டினாலே ஒட்டு இளகத் தொடங்கும்.

மடிப்பு, அதாவது ஒரு சிறு இடம் மட்டும் முழங்கை போல மடிவது, அடுத்தது. அந்த இடத்துக்கு மரம் கூட்ட முடியாது. அதன் இரண்டு பக்கமும் எடுத்து, பிறகு மற்றக் கையையும் அதற்கு இறக்க வேண்டும். இறாத்தல் போகும், போகட்டும்.

வயிற்றில் குறுக்காக மயிரிழை போலக் கோடுகள் தெரிந்தால் அது நெரிவு. நகத்தால் தடவினால் தட்டுப்படும். சாய்வான வெளிச்சத்தில், இழுத்த நிலையில் அல்ல, நாணை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அங்கே மடிப்பு உண்டு. கை முழுவதும் பரவி இருந்தால் மூங்கில் பலம் கூடிப்போயிற்று. அப்போது முதுகை ஒடுக்கலாம்: வயிற்றில் 35 மி.மீ. அகலம் அப்படியே இருக்க, மூங்கில் முகம் 30 மி.மீ. ஆகும்படி இரண்டு ஓரத்தையும் சாய்வாக அராவுவது. தோலின் மேல்முகத்தைத் தொடாமல் முதுகின் பலத்தைக் குறைக்க இதுதான் வழி. நெரிவு காணுமுன்னே செய்தால் இன்னும் நல்லது.

சத்தத்துக்கும் காது கொடுங்கள். புதுவில் முதல் தடவைகளில் லேசாக முனகலாம். ஆனால் "டிக்" என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் உடனே கயிற்றை விட்டுக்கொடுத்து, சரிவுகளையும் கணுக்களையும் ஓர ஒட்டுக்கோட்டையும் பாருங்கள். சவர அலகு நுழைகிற வெடிப்பு சரிவில் இருந்தால் மெல்லிய சயனோ பசை (சுப்பர் குளு) ஊற்றி, நூல் சுற்றிக் கட்டலாம். கையின் நடுவில் ஒட்டு விட்டிருந்தால் அந்த வில்லை இழுக்க வேண்டாம்.

கடைசி வேலைகள்

காடியை மூங்கிலுக்குக் குறுக்கே ஆழமாக வெட்டாமல், நுனியில் முதிரைத் துண்டோ மாட்டுக்கொம்போ ஒட்டி அதில் வெட்டுங்கள். நாணுக்கு டக்ரோன் பி-50 நூல் 12 இழை தாராளம். மரம் முழுவதும் 120, 180, 240 என்று அரத்தாள் போட்டு, மூங்கில் தோலின் மினுக்கத்தை மட்டும் 240ஆல் எடுத்துவிட்டு, பொலியூறிதேன் வார்னிஷ் மெல்லிதாக மூன்று நாலு பூச்சு. பிடிக்கட்டைக்கு அடியிலும் காடிக்குள்ளும் விட்டுவிடாதீர்கள், மாரி ஈரம் புகுவது அங்கேதான்.

அம்பு 400 கிரெயின், அதாவது 26 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. வில்லை மூலையில் சாத்தி வைக்காமல் நாணை அவிழ்த்து, இரண்டு முளையில் படுக்கையாக வையுங்கள். தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள்ளும் வேண்டாம். நூறு இருநூறு அம்பு எய்த பிறகு ஒருமுறை கம்பத்தில் ஏற்றி 14 அங்குல எண்ணையும், சரிவுத் தூர வித்தியாசத்தையும் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். கீழ்க்கை இளகி வித்தியாசம் இல்லாமல் போயிருந்தால், மேல்கையின் ஓரத்தில் 180ஆம் இலக்கத் தாளால் சில இழுப்பு. தேய்த்த இடத்துக்கு அன்றே வார்னிஷ் பூசிவிடுங்கள்.